இடக்கரடக்கலும் கடற்படகும்

அவையிற் சொல்லத்தகாத சொல்லை மறைத்து, அதன் பொருளைப் பிறிதொரு சொல்லாற் கூறுதலை இடக்கரடக்கல் என்பர் நம் இலக்கண நூலார். நன்னூலார் அதனை மங்கலம், குழூஉக்குறி என்னும் இரண்டனோடும் சேர்த்துத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்பது வகுப்பறையில் நாம் யாவரும் மனப்பாடஞ் செய்த எடுத்துக்காட்டு. நம் தாய்மார் 'வெளிக்குப் போதல்' என்பர். சிற்றூரார் 'கொல்லைக்குப் போதல்' என்பர். 'கக்கூசு' என்று நாம் முகஞ்சுளித்துச் சொல்லுஞ் சொல்லோ தமிழன்று; நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருகாலத்து வாணிகஞ் செய்த ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்து நம்மிடையே தங்கிவிட்ட விருந்தாளி. வெறுக்கப்பட்ட பொருளுக்கு அயல்மொழிப் பெயரே தக்கது என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

கப்பலோட்டுவோர்க்கும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. ஆங்கில மாலுமிகள் கலத்தின் கழிப்பிடத்தை 'ஹெட்', அஃதாவது 'தலை', என்னும் சொல்லால் வழங்குவர். அதனை இடக்கரடக்கல் எனினும் குழூஉக்குறி எனினும் பொருந்தும். இத்'தலை'யைப் பற்றியே யாம் இங்குச் சில சொல்லப் புகுந்தோம். கல்லூரி மலரில் எழுதுதற்கு இதனினும் இனிய பொருள்கள் பல உளவே என்று நேயர்கள் வினவலாம். சொல்லில் அடக்குவது நாகரிகமே. ஆயினும், சொல்லில் அடக்கியதைக் கருத்தினின்றும் அகற்றிவிடுவோமாயின் அதனால் விளையுங் கேடு பெரிது. நிலத்தில் அக்கேடு மெல்ல வரும். பிறர் தலையில் விழும். கடலிலோ அன்றிரவே வரும். நம் தலையிலேயே விழும். இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தது ஒரு சிறு படகு.

முதற்கண் அப்பெயரின் வரலாற்றைக் கூறுவோம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மௌத் துறைமுகத்தில் 'விக்டரி' என்னும் பழைய போர்க்கப்பல் இன்றும் காட்சிக்கு நிற்கின்றது. 1805-ஆம் ஆண்டு டிரபால்கர்ப் போரில் நெல்சன் உயிர் துறந்த கப்பல் அதுவே. அதன் முகப்பில், மூக்குப்போல் நீண்ட பகுதியின் இருமருங்கும், துளையிட்ட மரப்பலகை இருக்கைகள் சில உள்ளன. அக்கப்பலில் அப்போரன்று இருந்தோர் 800-க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார்க்கு அவ்விருக்கைகளே கதி. கப்பலின் தலைப்பகுதியில் அமைந்தமையால் அவ்விடத்துக்குத் தலையென்றே பெயராயிற்று. அங்கு அமைத்ததற்கும் காரணமுண்டு. அக்காலப் பாய்க்கப்பல்கள் பெரும்பாலும் பின்னிருந்து வீசுங் காற்றிலே ஓடின. ஆதலின் முகப்பில் எழும் நாற்றம் முன்னோக்கிச் சென்றொழியும். அலையும் அவ்விடத்தை இடைவிடாது கழுவும். கப்பற்றலைவனுக்கு மட்டும் பின்புறத்தில் மூடிய தனியிடம் உண்டு. மழையிலும் குளிரிலும், மோதும் அலைக்கு நேரே அமர்ந்த அம்மாலுமிகளின் துன்பம் பெரிதாயினும், அவ்வமைப்பில் ஒரு நன்மை இருந்தது: அது கெட்டுப்போகாது. கெடுதற்கு அதில் ஒன்றுமில்லை. பலகையில் ஒரு துளை, கீழே கடல்.

பின்னாளில் மாலுமி முகப்பினின்றும் உள்ளறைக்கு வந்தான். அவனோடு கழிப்பிடமும் உள்ளே வந்தது. அன்றுதொட்டே இடர்ப்பாடு தொடங்கிற்று.

இதனை விளங்கிக்கொள்ள, நம் வீட்டிலும் விடுதியிலும் உள்ள நீரடிக் கழிப்பறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1775-ஆம் ஆண்டு அலெக்ஸாந்தர் கம்மிங் என்பார், கலத்தின் அடியில் வளைந்த குழாய் ஒன்றை அமைத்து, அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நாற்றத்தைத் தடுக்குமாறு செய்து, அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இன்றளவும் நிலத்திலுள்ள கழிப்பறைகள் அவ்வளைவையே நம்பியிருக்கின்றன. அவற்றை இயக்குவது நீரின் எடை. மேலே தொட்டி, கீழே சாக்கடை. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுகின்றது. அதனோடு பிறவும் ஓடுகின்றன. பூமியின் ஈர்ப்பாற்றலே அங்குத் தோட்டி வேலை செய்கின்றது எனலாம்.

சிறு படகிலோ நிலைமை தலைகீழ். படகின் உள்ளறை நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருப்பது. கழிப்பிடத்தின் வாயும் பெரும்பாலும் வெளிக்கடலின் மட்டத்துக்குத் தாழவே இருக்கும். ஆதலின் உள்ளிருப்பது தானாக வெளியே செல்லாது. வெளியே இருக்கும் கடல்தான் உள்ளே வரக் காத்திருக்கும். நிலத்தில் நண்பனாயிருந்த ஈர்ப்பாற்றல் ஈண்டுப் பகைவனாகின்றது. கழிவைப் படகினின்றும் மேல்நோக்கித் தள்ளவேண்டும். தள்ளிய வழியே கடல் திரும்பி வாராமல் தடுக்கவும் வேண்டும். இவ்விரண்டு வேலையுமே படகுக் கழிப்பறையின் இலக்கணம். பிறவெல்லாம் உரை.

யாம் பிழைப்பின் பொருட்டு ஸௌதாம்ப்டன் நகரிற் சில ஆண்டுகள் தங்கியிருந்தோம். அக்காலத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எமக்கு நண்பரானார். அவர்க்குச் சொந்தமாக 30 அடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்று இருந்தது. சொந்தம் என்பதினும் அதுவே அவர் வீடு என்பது பொருந்தும். மனைவியார் காலமான பின்னர் இல்லத்தை விற்றுவிட்டு, புத்தகங்களோடும் ஒரு தேநீர்க் கெண்டியோடும் அப்படகிற் குடியேறிய முதியவர் அவர். முதன்முறை எம்மை ஏற்றிக்கொண்ட அன்று, பாயைக் காட்டவில்லை, சுக்கானைக் காட்டவில்லை, எம்மை நேரே முன்புறத்திலுள்ள அலமாரியனைய சிற்றறைக்கு அழைத்துச் சென்று, "இதனை இயக்கத் தெரியாதவர் இப்படகின் விருந்தினர் ஆகார்," என்றார். பின்னர்க் கால்மணி நேரம் ஒரு பாடம் நடத்தினார். நாற்பதாண்டு கரும்பலகை முன் நின்றவராதலின் பாடம் தெளிவாகவே இருந்தது. அதனை எம் சொல்லில் தருகின்றோம்.

வெள்ளைப் பீங்கான் கலம் ஒன்று. அதன் பக்கத்தே கைப்பிடியுள்ள பம்பு ஒன்று. படகின் அடிப்புறத்தில் இரண்டு துளைகள். சிறிய துளை கடல்நீரை உள்ளே கொணர்வது. அதன் குழாய் 19 மில்லிமீட்டர் அகலமுடையது. பெரிய துளை கழிவை வெளியே விடுவது. அதன் குழாய் 38 மில்லிமீட்டர் அகலமுடையது. இரண்டு துளைகளிலும் வெண்கல வால்வு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனை 'ஸீகாக்' என்பர். அதன் பிடி குழாயோடு ஒருநேராக நின்றால் வழி திறந்துள்ளது. குறுக்கே நின்றால் அடைபட்டுள்ளது. காற்சுற்று என்னுந் துணையில் கடலுக்கும் படகுக்கும் இடையிலுள்ள உறவு முடிவாகின்றது.

பம்பின் உருளைக்குள் பிஸ்டன் மேலுங் கீழும் செல்லும். பிஸ்டனுக்கு மேற்புறம் நல்ல நீரின் ஆட்சி. கீழ்ப்புறம் கழிவின் ஆட்சி. கைப்பிடியை மேலே இழுக்கும்பொழுது கீழறை விரிந்து, கலத்தினடியில் உள்ளதை உறிஞ்சிக்கொள்கின்றது. அதே நேரத்தில் மேலறையிலுள்ள கடல்நீர் கலத்துக்குட் பாய்கின்றது. கைப்பிடியைக் கீழே அமுக்கும்பொழுது கீழறையிலுள்ளது வெளிக்குழாய்க்குத் தள்ளப்படுகின்றது. மேலறை புதுநீரைக் கடலினின்றும் இழுத்துக்கொள்கின்றது. ஒரு கை அசைவில் கழுவுதலும் கழித்தலும் ஒருங்கே நிகழ்கின்றன. மேலே ஒரு சிறு நெம்பு உண்டு. அதனை ஒருபுறம் தள்ளினால் நீர் வரும். மறுபுறம் தள்ளினால் நீர்வரவு நின்று, கலம் வற்றும். பயன்படுத்திய பின் நெம்பை வற்றும் புறத்திலேயே நிறுத்துதல் விதி.

தள்ளியது திரும்பாதிருக்கும் பொருட்டு, பம்பின் வெளிவாயில் ரப்பரால் ஆகிய சிறு வால்வு ஒன்று உள்ளது. 'ஜோக்கர் வால்வு' என்பது அதன் பெயர். வாத்தின் அலகுபோல் இரண்டு உதடுகள் ஒட்டியிருக்கும். உள்ளிருந்து தள்ளினால் உதடுகள் விரியும். வெளியிருந்து தள்ளினால் ஒன்றோடொன்று இறுகும். படகு முழுவதிலும் விலை மலிந்த உறுப்புகளில் அது ஒன்று. அது தளர்ந்தால், அனுப்பிய விருந்தினர் மீண்டும் வாயிலில் நிற்கக் காணலாம்.

இங்கே, மண்ணெண்ணெய்க் கடைக்காரர் செய்யும் ஒரு செயலை நேயர்கள் நினைவுகூர்தல் நன்று. பீப்பாயில் ரப்பர்க் குழாயின் ஒரு முனையை இட்டு, மறுமுனையை வாயால் ஒருமுறை உறிஞ்சித் தாழப் பிடித்தால், எண்ணெய் குழாயின் மேட்டையும் ஏறிக்கடந்து தானாக வழிந்துகொண்டேயிருக்கும். கீழ்ப்பாத்திரத்து மட்டம் மேற்பாத்திரத்து மட்டத்தை எட்டுமளவும் அது நில்லாது. கடல் மேற்பாத்திரம், கழிப்பறைக் கலம் கீழ்ப்பாத்திரம். பம்பை ஒருமுறை அடித்தது வாயால் ஒருமுறை உறிஞ்சியதற்கு ஒப்பு. அதன்பின் யாரும் தொடாமலே கடல் முழுவதும் அச்சிறு குழாய் வழியாகப் படகுக்குள் இறங்க முயலும்.

இதற்கு மாற்று மிக எளியது. குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, அவ்வளைவின் உச்சியில் காற்றுப் புகும் சிறு வால்வு ஒன்றை வைப்பர். பம்பு நின்றவுடன் அதன் வழியே காற்று உட்புகும், நீர்த்தொடர் அறுபடும், ஒழுக்கு நிற்கும். பல டன் எடையுள்ள படகு மிதப்பதும் மூழ்குவதும் ஒரு மூச்சுக் காற்றைப் பொறுத்ததாகின்றது.

அவ்வுண்மையை யாம் நேரிலே கண்டோம். வைட் தீவின் வடகரையில் நியூடவுன் என்னும் அமைதியான கழிமுகம் ஒன்றுண்டு. ஒரு கோடையிரவு ஆங்கு நங்கூரமிட்டு உறங்கினோம். நள்ளிரவு கழிந்து இரண்டு மணியளவில் ஆசிரியர் தண்ணீர் குடிக்க எழுந்து காலைக் கீழே வைத்தார். கால் கணுவளவு நீரில் நின்றது. வெளியே காற்றில்லை, அலையில்லை, மழையில்லை. விளக்கையேற்றிப் பார்த்தபொழுது, கழிப்பறைக் கலத்தின் விளிம்பினின்றும் கண்ணாடிபோன்ற தெளிந்த நீர் ஓசையின்றி வழிந்துகொண்டிருந்தது. அவ்வமைதியே எம்மை நடுக்கிற்று. புயல் கூவிக்கொண்டு வரும். இது வாய்திறவாமலே வந்தது. தரைப்பலகைகள் மிதக்கத் தொடங்கியிருந்தன. கீழ்த்தட்டிலிருந்த புத்தகங்கள் நனைந்து ஊறியிருந்தன. அவற்றினிடையே அவர் மனைவியாரின் கடிதக்கட்டும் இருந்தது.

அம்முதியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் முழந்தாளிட்டு, நீருக்குட் கையை விட்டு, தடவாமலும் தேடாமலும் ஸீகாக்கைக் காற்சுற்றுத் திருப்பினார். ஒழுக்கு நின்றது. இருட்டில், நீரடியில், அவர் கை நேரே அவ்விடத்துக்குச் சென்றதை யாம் இன்றும் வியக்கின்றோம். பின்னர் இருவரும் விடியுமளவும் நீரிறைத்தோம். காலையில் வளைவுக்குழாயின் உச்சியிலிருந்த வால்வைக் கழற்றினார். அதன் நுண்துளையில் கடுகளவு உப்பு உறைந்து காற்றை அடைத்திருந்தது. பம்பின் உள்வால்வும் சிறிது தேய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்த இரவிலேதான் கடல் வழி கண்டது. வெந்நீரில் அவ்வுப்பைக் கரைத்து வால்வை மீண்டும் பொருத்த ஆகிய நேரம் பத்து நிமிடம். கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் உலர்த்தியதற்கோ அன்று முழுப்பகலும் ஆயிற்று. சில எழுத்துகள் திரும்பவில்லை.

அவ்விரவு நுழைந்தது சிறு குழாயின் வழியாய் நூலெனப் பாய்ந்த நீர். நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே 38 மில்லிமீட்டர்த் துளையே திறந்து கிடந்தால், ஒரு நிமிடத்துக்கு 100 லிட்டருக்குமேல் நீர் உட்புகும். பத்து நிமிடத்தில் ஒரு டன். ஆதலினாலேயே அறிவுடைப் படகோட்டிகள் ஒவ்வொரு ஸீகாக்கின் அருகிலும், அத்துளைக்கு அளவான கூம்பிய மர ஆப்பு ஒன்றைக் கயிற்றாற் கட்டித் தொங்கவிடுவர். குழாய் பிய்ந்துபோனால் அவ்வாப்பை அடித்திறுக்கி உயிர் பிழைக்கலாம். படகை விட்டு இறங்கும் ஒவ்வொருமுறையும் இரண்டு ஸீகாக்குகளையும் மூடிவிட்டே இறங்குவர். மூடித்திறத்தல் இல்லாத வால்வு நாளடைவில் இறுகிப்போம். ஆகவே மூடுவது காவலும் ஆகும், பயிற்சியும் ஆகும்.

இனி, இப்பொறிக்கு வரும் நோய்களையும் அவற்றின் மருந்தையும் சுருக்கிச் சொல்வோம். நோய்க்குறி அறிந்தால் உறுப்பையும் அறியலாம். வெளியே தள்ளிய நீர் சிறிது நேரத்திற் கலத்துக்கே திரும்புமாயின் ஜோக்கர் வால்வு தளர்ந்தது. கைப்பிடி அசைந்தும் நீர் ஏறாவிடின் மேலறையின் வால்வு தேய்ந்தது, அல்லது ஸீகாக் மூடியிருக்கின்றது. பிஸ்டன் தண்டைச் சுற்றி நீர் கசிந்து தரை நனையுமாயின் அதன் வாஷர் மாற்றத்தக்கது. கைப்பிடி கல்போல் இறுகுமாயின் வெளிக்குழாய் அடைபட்டது. அந்நிலையில் வலிந்து அடிப்பது தகாது, பூட்டுகள் தெறித்து உள்ளிருப்பதெல்லாம் அடித்தவர் மேலேயே விழும்.

குழாய் அடைபடுவதற்குரிய காரணத்துள் வெளிப்படையானது மனிதர் செயல். 'முன்னர் வாயாலுண்டதும், அதற்கென அளித்த மெல்லிய தாளும் அன்றி, வேறொன்றும் இதனுட் புகலாகாது' என்னும் விதியைப் படகோட்டிகள் யாவரும் அறிவர். தீக்குச்சி, பஞ்சு, ஈரத்துணித் தாள் ஆகியவை பம்பை நிறுத்திவிடும். ஒற்றை மயிரிழை ஜோக்கர் வால்வின் உதடுகளிடையே சிக்கினும் அவை இறுக ஒட்டா.

மறைவான காரணம் மற்றொன்று. கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரோடு சேர்ந்து, குழாயின் உட்புறத்திற் படிந்து, ஆண்டுதோறும் தடிக்கும். 38 மில்லிமீட்டர்க் குழாய் நாளடைவில் விரல் நுழையும் துளையாகச் சுருங்கும். தேநீர்க் கெண்டியில் உப்புத்தண்ணீரின் கறை கட்டுவது போன்றதே இது. இதற்கு மருந்து புளிக்காடி. வாரத்துக்கொருமுறை அதனைக் கலத்திலூற்றிப் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் ஓரிரவு நிறுத்தினால் புதுப்படிவு கரையும். பழம்படிவு கரையாது. அதற்கு ஆசிரியர் கையாண்டது ஒரு முரட்டு வைத்தியம்: குழாயைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய், வண்ணான் துணி துவைப்பதுபோல் கல்தரையில் ஓங்கி அடிப்பார், உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஓடு ஓடாக உதிரும். எல்லாவற்றினும் மேலானது முன்காவல். அக்குழாயின் ஒரு மீட்டர் நீளத்துள் ஏறக்குறைய 1.1 லிட்டர் கொள்ளும். மூன்று மீட்டர்க் குழாயாயின் 3 லிட்டருக்கு மேல். கலம் தூயதாகிவிட்டது என்று இரண்டு அடியோடு நிறுத்துபவர், கழிவைக் கண்ணினின்றும் அகற்றினாரேயன்றிக் குழாயினின்றும் அகற்றினாரல்லர். குழாய் முழுதும் கழுவப்படுமளவும் அடிப்பதே முறை. கண்ணுக்கு மறைந்ததனால் ஒன்று ஒழிந்துவிடாது என்பது இப்பாடத்தின் உயிர்நாடி.

நாற்றமும் அவ்வாறே நம்மை ஏமாற்றுவது. படகில் நாற்றம் எழுந்தால் யாவரும் கழிவைப் பழிப்பர். பல நேரங்களிற் குற்றவாளி நல்ல நீரே. உள்வரு குழாயில் பலநாள் தேங்கிய கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து அழுக, அழுகிய முட்டையின் நாற்றம் பிறக்கும். பம்பை முதலில் அடிக்கும்பொழுது அது குப்பென எழும். படகை விட்டுச் செல்லுமுன் கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றிக் கழுவிவிட்டால் அது வாராது. சிலபோது குழாயின் ரப்பரே ஊறி நாறும். அதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின் வெளிப்புறத்தே சிறிது நேரம் சுற்றிவைத்துப் பின் எடுத்து முகர்க, துணி நாறினால் குழாயை மாற்றுக. நறுமணப் பொருள்களால் நாற்றத்தை மறைப்பது மருந்தாகாது. உள்ளே பூசும் மசகும் ரப்பருக்குத் தீங்கு செய்யாததாக இருத்தல் வேண்டும்; கனிம எண்ணெய் சிலவகை ரப்பரை உப்பச் செய்து வால்வைக் கெடுக்கும்.

ஆண்டுக்கொருமுறை, வசந்தத்தின் தொடக்கத்தில், கெடுவதற்கு முன்னரே பம்பைக் கழற்றி, ஜோக்கர் வால்வையும் வாஷர்களையும் மாற்றிவிடுதல் ஆசிரியரின் வழக்கம். "கெட்டபின் பிரிப்பவன் நாற்றத்தில் வேலை செய்வான்; கெடுமுன் பிரிப்பவன் வெயிலில் அமர்ந்து வேலை செய்வான்," என்பார்.

கழிவு எங்கே செல்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. முற்காலத்தில் எல்லாம் கடலுக்கே சென்றது. நடுக்கடலில் அதனால் தீங்கு சிறிது. நீரோட்டம் குறைந்த கழிமுகத்தில், கோடையில் நூறு படகுகள் நெருங்கி நிற்குமிடத்தில், அவ்வாறு செய்தல் அயலார் முற்றத்திற் கொட்டுவதற்கு ஒப்பாகும். சிப்பிகள் தாம் வாழும் நீரை வடிகட்டி உண்பன. நீரிலுள்ள நோய்க்கிருமி சிப்பியிற் சேர்ந்து, சிப்பியை உண்பாரைச் சேரும். ஆகவே இப்பொழுது படகுகளிற் சேமத்தொட்டி வைப்பது பெருகிவருகின்றது. துறைமுகத்திற் கழிவு அத்தொட்டியில் தங்கும். பின்னர்க் கரையிலுள்ள உறிஞ்சுபம்பு அதனை வாங்கிக்கொள்ளும். தொட்டிக்குத் தாராளமாகக் காற்று வரும் குழாய் இன்றியமையாதது. காற்றுள்ள இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நாற்றமின்றிக் கழிவைச் சிதைக்கும், காற்றற்ற இடத்தில் வாழ்வன நாற்றமெழச் சிதைக்கும்.

சட்டமும் இதிற் புகுந்துள்ளது. பெருங்கப்பல்களின் கழிவைப் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையின் பகுதி 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நசுக்கிக் கிருமி நீக்கிய கழிவை அண்மைக் கரையினின்றும் 3 கடல்மைலுக்கு அப்பாலும், அவ்வாறு செய்யாததை 12 கடல்மைலுக்கு அப்பாலும் மட்டுமே விடலாம். 12 கடல்மைல் என்பது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அவ்வுடன்படிக்கை எம் நண்பரின் படகு போன்ற சிறு கலங்களைக் கட்டாது. எனினும் அவர் தம் படகிற் சேமத்தொட்டி வைத்திருந்தார். யாரும் காணாத இரவிலும் அதன் வால்வை அவர் கழிமுகத்தில் திறந்ததில்லை.

இச்சிறு பொறியின் அசட்டை ஒரு போர்க்கலத்தையே அழித்ததுண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதி நாள்களில் ஜெர்மானியரின் 'யூ-1206' என்னும் நீர்மூழ்கி ஸ்காட்லாந்துக் கரையருகே ஆழத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆழத்திலிருந்தபடியே கழிவைக் கடலுக்குட் செலுத்தும் புதுமுறைக் கழிப்பறை அதில் இருந்தது. 60 மீட்டர் ஆழத்தில் கடலின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதினும் ஏறக்குறைய ஆறு காற்றுமண்டலம் மிகுதி. ஆகவே அதன் வால்வுகளை வரிசை பிறழாமல் திறந்து மூடுதற்குத் தனிப்பயிற்சி வேண்டியிருந்தது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அக்கழிப்பறை வழியே கடல் உட்பாய்ந்தது. கீழேயிருந்த மின்கல அடுக்கை உப்புநீர் அடைந்தவுடன் நச்சுக் குளோரின் வாயு எழுந்தது. மேலே வருவதன்றி வேறு வழியில்லை. மேலே வந்ததும் ஆங்கில விமானம் தாக்கிற்று. கலத்தை அவர்களே மூழ்கவிட்டு நீங்கினர். அன்று நால்வர் மாண்டனர். போர் முடிய ஒரு திங்களும் இல்லை. பீரங்கிக்கும் வெடிகுண்டுக்கும் தப்பிவந்தோர், தம் இருக்கைக்கு அடியிலிருந்த வால்வுக்குத் தப்பவில்லை. இதனைக் கேட்டு நகைப்பவர் பலர். அந்நால்வரின் தாய்மார் நகைத்திரார்.

இவற்றையெல்லாம் எண்ணும்பொழுது எமக்கு மிகப்பெரிதாகத் தோன்றுவது பொறியன்று. அதனைப் பேணும் கை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு முடிந்து வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அப்பம்பைப் பிரித்துக் கழுவுபவர் படகின் தலைவராகிய ஆசிரியரே. விருந்தினரிடம் அதனை விடார், கூலிக்கும் கொடார். "படகில் இது தலைவன் வேலை, தன் கலத்தின் துளைகளைத் தான் அறியாதவன் தலைவனல்லன்," என்பது அவர் கொள்கை. எம் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்து, தாம் வால்வைத் துலக்கிக்கொண்டே ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசுவார். அவ்வேலையால் அவர் பெருமை ஒரு மாற்றுங் குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் நாம் செய்ததோ வேறு. அப்பொருளைச் சொல்லில் அடக்கியதோடு அமையாமல், அதனைத் தொடுவாரையும் ஊருக்குப் புறத்தே அடக்கினோம். ஒரு சாராரின் தலைமேல் அக்கூடையை ஏற்றி, அவரையே தீண்டத்தகாதார் என்றோம். 1901-ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசில், கழிவிடங்களின் நிலைகண்டு காந்தியடிகள் தாமே துடைப்பம் தேடியெடுத்துச் சுத்தஞ் செய்தார்; பிறர் பார்த்துக்கொண்டிருந்தனர். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-ஆம் ஆண்டும் 2013-ஆம் ஆண்டும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன் பின்னும் சாக்கடைக் குழியில் இறங்கி நச்சுக்காற்றால் மாண்டார் என்னும் செய்தியை நாம் நாளிதழிற் படித்துப் பக்கத்தைத் திருப்புகின்றோம். நீர்மூழ்கியில் எழுந்த நச்சுக்காற்று வேறு, குழியில் எழும் நச்சுக்காற்று வேறு. ஆயினும் இரண்டுக்கும் வழிதிறந்தது, கண்மறைவிலுள்ளது கருத்தில் வைக்கத்தக்கதன்று என்னும் ஒரே எண்ணம்.

படகில் அவ்வெண்ணத்துக்கு இடமில்லை. அங்கே பயன்படுத்துபவனும் தூய்மை செய்பவனும் ஒருவனே. கழிவு செல்லும் வழி முழுவதும் அவன் கைக்கு எட்டுவது. அவன் அசட்டை செய்தால் நனைவது அவன் படுக்கை. நகரமும் ஒரு பெருங்கலமே. அதன் குழாய்கள் நீண்டவை ஆதலின், ஒரு முனையில் நாம் செய்யும் அசட்டை மறுமுனையில் யாரை நனைக்கின்றது என்பது நமக்குத் தெரிவதில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுட் கடற்படகு ஏறுவார் சிலரே. விடுதியில் வாழ்வாரோ பலர். நாளைக் காலை அக்கதவைத் திறக்கும்பொழுது, இக்குழாய் எங்கே செல்கின்றது, இவ்விடத்தைத் தூய்மை செய்பவரின் பெயர் யாது என்னும் இரண்டு வினாக்களை உங்களுக்குள் எழுப்பிப் பாருங்கள். முதல் வினாவுக்கு விடை அறியப் பொறியியல் கற்றோர் உதவுவர். இரண்டாவதற்கு விடை அறிய, அவரையே கேட்டால் போதும்.